படத்துக்கும் ஒரு நரேஷன் வேண்டும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் வாசித்த உரை. வர இயலாத உறுப்பினர்கள் சிலர் கேட்டதால் இங்கே முழுமையாகத் தரப்படுகிறது.)



செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, சீனியர் சிட்டிசன் வைப்பு நிதி வட்டியைப் பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்திருப்பார். இன்று பேசப்போவது வேறு. நம் மகளிர் குழு நடத்தும் ஆன்லைன் கடையில் படங்களுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதன் பெயர் ஆல்ட் டெக்ஸ்ட். தமிழில் மாற்று உரை என்கிறார்கள். அந்தப் பெட்டியில் நான் செய்த ஒரு தப்பைப் பற்றியும், அதைச் சரி செய்யும்போது கற்றுக்கொண்டதைப் பற்றியும் சொல்கிறேன்.

நான் பி.காம். படித்தவன். கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. முப்பத்தைந்து வருடம் வங்கியில் கிளார்க் வேலை. கடையின் கணக்கைப் பார்த்துக்கொள்ளத்தான் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். பிறகு, "சார் சும்மாத்தானே இருக்கிறார், படங்களையும் ஏற்றட்டும்" என்று அந்த வேலையும் வந்தது. உறையூர் பருத்திப் புடவை, பருப்புப்பொடி, வடாம், வடுமாங்காய், பித்தளை விளக்கு என்று மொத்தம் 62 படங்கள். இரண்டு சாயங்காலத்தில் ஏற்றி முடித்தேன்.

ஒவ்வொரு படத்தை ஏற்றும்போதும் "மாற்று உரை" என்று ஒரு பெட்டி கேட்டது. காலியாக விட்டாலும் ஒப்புக்கொண்டது. எனக்குத் தெரிந்த ஒரு பையன், "அங்கிள், அதில் தேடுகிற வார்த்தைகளைப் போடுங்கள், கூகுளில் மேலே வரும்" என்றான். சரி என்று ஒரே வரியை எழுதி 62 படத்துக்கும் ஒட்டினேன். "சிறந்த புடவை குறைந்த விலை திருச்சி ஸ்ரீரங்கம் ஆன்லைன்." வடுமாங்காய்க்கும் அதேதான். யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

பார்க்கிறவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை என்பது உண்மை. அது கேட்கிறவர்களுக்கானது.

என் அக்கா உத்திர வீதியில் இருக்கிறாள். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கிளாக்கோமாவில் பத்து வருடத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. அவள் போனில் டாக்பேக் என்று ஒரு வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனிலேயே வருவது, தனியாக வாங்க வேண்டாம். விரல் எந்த இடத்தில் படுகிறதோ அந்த இடத்தில் உள்ளதை அது வாய்விட்டுப் படிக்கும். ஐபோனில் இதற்கு வாய்ஸ்ஓவர் என்று பெயர். கம்ப்யூட்டரில் என்விடிஏ என்ற மென்பொருள் இருக்கிறது. 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கியது. ஜேம்ஸ் டே என்பவரும் சேர்ந்து வளர்த்தார். இருவரும் பார்வையற்றவர்கள். இன்றுவரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். இவற்றையெல்லாம் பொதுவாக ஸ்கிரீன் ரீடர் என்கிறோம்.

ஸ்கிரீன் ரீடர் எழுத்தைப் படிக்கும். படத்தைப் படிக்காது. படத்துக்குப் பின்னால் யாராவது எழுதி வைத்திருந்தால் அதைப் படிக்கும். அதுதான் ஆல்ட் டெக்ஸ்ட். ஒன்றும் எழுதாவிட்டால் பல நேரங்களில் "ஐ எம் ஜி இரண்டு பூஜ்ஜியம் நான்கு ஏழு" என்று கோப்பின் பெயரைப் படிக்கும்.

போன தை மாதம் அக்காவின் பேத்திக்கு வளைகாப்பு. எங்கள் வீட்டில் அதற்குக் கருப்புப் புடவைதான் வழக்கம். பேத்திக்குத் தானே தேர்ந்தெடுத்து, தானே பணம் கட்டி, யாரையும் கேட்காமல் வாங்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. தம்பி கணக்குப் பார்க்கும் கடை என்பதால் நம் கடைக்கே வந்தாள். என்னிடம் சொல்லவில்லை.

அந்தப் புடவை ஆறு நிறத்தில் இருந்தது. நிறத்தைத் தேர்ந்தெடுக்கிற இடத்தில் எழுத்து கிடையாது, ஆறு சின்னப் படங்கள்தான். ஆறிலும் விரல் வைத்தால் ஆறு முறை "சிறந்த புடவை குறைந்த விலை". கீழே விளக்கத்தில் நிறங்களை வரிசையாக எழுதியிருந்தேன். அதில் கருப்பு முதலில் இருந்தது. படங்களும் அதே வரிசையில்தான் இருக்கும் என்று எண்ணி அவள் முதல் படத்தைத் தொட்டாள். நியாயமான கணக்குத்தான். ஆனால் நான் படங்களை ஏற்றிய வரிசை வேறு. முதல் படம் சந்தன நிறம்.

பார்சலை வளைகாப்புக்கு முந்தின நாள், வீடு நிறைய உறவுக்காரர்கள் இருக்கும்போது பிரித்தார்கள். "என்ன பாட்டி, சந்தனக் கலர் வாங்கியிருக்கே?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டாளாம். அன்று மாலையே என்.எஸ்.பி. ரோட்டுக்கு ஓடி வேறு புடவை வாங்கி வளைகாப்பு நன்றாகவே நடந்தது. நம் கடையும் புடவையை மாற்றிக் கொடுத்தது. ஆனால் அக்கா அதற்குப் பிறகு நான்கு மாதம் போனில் எதையும் வாங்கவில்லை. மளிகைக்குக்கூட மருமகளைக் கேட்டாள். ஒரு நாள் நானே பேச்சை எடுத்தேன்.

"ஏண்டா, அந்தப் பக்கத்தை நீதானே எழுதினே?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"பணம் பெரிசில்லை. எல்லார் முன்னாடியும் எனக்குத் தெரியாதுன்னு ஆயிடுத்து. அதான்."

அன்று இரவு உட்கார்ந்து 62 படத்தையும் திரும்பத் திறந்தேன்.

காமர்ஸ் படித்தவர்கள் இங்கே நான்கைந்து பேர் இருக்கிறீர்கள். ஜர்னல் என்ட்ரி போடும்போது டெபிட், கிரெடிட் எழுதியதும் கீழே ஒரு வரி எழுதச் சொல்வார்கள். நரேஷன். இந்தப் பணம் எதற்காக, யாருக்கு என்று ஒரே வரி. தொகை சரியாக இருந்தாலும் நரேஷன் இல்லாவிட்டால் எங்கள் காலேஜ் வாத்தியார் மதிப்பெண் குறைப்பார். "ஆறு மாதம் கழித்து இதைத் திறக்கிறவனுக்கு என்ன புரியும்?" என்பார். ஆல்ட் டெக்ஸ்டும் அதுதான். படம் என்பது தொகை. அது எதற்காக இங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒரு வரிதான் நரேஷன். வாழ்நாள் முழுக்க நரேஷன் எழுதிய நான் 62 இடத்தில் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

இதில் எனக்கு இன்னொரு வெட்கம். நம் ரூபாய் நோட்டில் பார்வையற்றவர்களுக்கான அடையாளங்கள் உண்டு. புது வரிசை 100 ரூபாயில் தடவினால் தட்டுப்படும் முக்கோணம், ஓரத்தில் நான்கு சாய்கோடுகள். 500 ரூபாயில் வட்டம், ஐந்து கோடுகள். கவுன்டரில் இருந்தபோது எத்தனை பேருக்கு இதைத் தொட்டுக் காட்டியிருக்கிறேன்! பார்வையற்றவர்களுக்குக் காசோலைப் புத்தகம், ஏ.டி.எம்., லாக்கர் எதையும் மறுக்கக்கூடாது என்று 2008-ல் ரிசர்வ் வங்கி எழுதிய சுற்றறிக்கையும் எங்கள் மேசைக்கு வந்தது. 2020 ஜனவரியில் நோட்டின் மதிப்பைக் குரலில் சொல்லும் 'மணி' என்ற செயலியையும் ரிசர்வ் வங்கி வெளியிட்டது. இவ்வளவும் தெரிந்த எனக்குப் புடவைப் படத்தில் அது தோன்றவில்லை.

இது புதுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 1995-ல் வந்த எச்.டி.எம்.எல். இரண்டாம் பதிப்பிலேயே படத்துக்கு ஆல்ட் எழுத இடம் வைத்திருந்தார்கள். 1999-ல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு எல்லோருக்கும் எட்டக்கூடிய இணையப் பக்கங்களுக்கான விதிகளை வெளியிட்டபோது, எழுத்தல்லாத எதற்கும் இணையான எழுத்து வேண்டும் என்பதையே முதல் விதியாக வைத்தது.

வழக்குகளும் நடந்திருக்கின்றன. 2000-ல் சிட்னி ஒலிம்பிக் தொடங்குவதற்கு முன்பே, அதன் இணையதளப் படங்களுக்கு மாற்று உரை இல்லை என்று புரூஸ் மகுவயர் என்ற பார்வையற்றவர் புகார் செய்தார். சரி செய்யும்படி உத்தரவு வந்தது. முழுதாகச் செய்யாததால் 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கொடுக்க வேண்டி வந்தது. அமெரிக்காவில் 2006-ல் டார்கெட் என்ற பெரிய கடையின் இணையதளத்தின் மேல் அந்நாட்டுப் பார்வையற்றோர் கூட்டமைப்பும் பெர்க்லியில் படித்த ஒரு மாணவரும் வழக்குப் போட்டார்கள். பொருள்களின் படங்களுக்கு மாற்று உரை இல்லை என்பது அதில் முக்கியமான குறை. 2008-ல் 60 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசு அலுவலகம் மட்டுமல்ல, தனியார் சேவைகளும் எல்லோருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் வசதி எட்டுவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும், பார்வையற்ற ஒரு வழக்கறிஞரும் தொடுத்த வழக்குகள் அவை. வங்கியின் டிஜிட்டல் கே.ஒய்.சி.யில் கேமரா முன் கண் சிமிட்டச் சொல்கிறார்கள். சிமிட்ட முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? அதுதான் கேள்வி. ஒரு பழைய வங்கிக்காரனாக அதைப் படித்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி. அதில் பார்வைக் குறையுள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். நம் புத்தூரிலேயே பார்வைத்திறன் குறையுடைய பெண்களுக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கே படித்த பெண்கள் வேலைக்குப் போகிறார்கள், சம்பாதிக்கிறார்கள், போன் வைத்திருக்கிறார்கள். அவர்களும் வாடிக்கையாளர்கள்தான்.

இனி, எப்படி எழுதுவது என்பதற்கு வருகிறேன். அக்காவை அருகில் உட்காரவைத்து, ஒவ்வொன்றாக எழுதி, அவள் போனில் படிக்கக் கேட்டு, திருத்தித் திருத்திக் கற்றுக்கொண்டது இது.

முதலாவது, போனில் சொல்வதுபோல் எழுதுங்கள். ஜவுளிக்கடைக்காரரை வெளியூர் வாடிக்கையாளர் போனில் கூப்பிட்டு, "அந்தப் புடவை எப்படி இருக்கு?" என்றால் என்ன சொல்வார்? "அரக்கு நிறம், மஞ்சள் பார்டர், உடம்பில் சின்னக் கட்டம், முந்தானையில் மூன்று பட்டை." இதுதான் ஆல்ட் டெக்ஸ்ட். நம் பாஷையில் நிறத்துக்கு என்ன குறைவா? கிளிப்பச்சை, மயில்கழுத்து, வெங்காய நிறம், மாம்பழ மஞ்சள், மிளகாய்ப்பழச் சிவப்பு. "அக்காவுக்கு நிறம் எதற்கு?" என்று ஒருவர் கேட்டார். அறுபது வயதுவரை பார்த்தவள் ஐயா அவள். பிறவியிலேயே பார்வையற்றவருக்கும் எதற்கு எது பொருந்தும், எந்த விசேஷத்துக்கு எது ஆகும் என்பது தெரிய வேண்டாமா?

இரண்டாவது, அளவை அளவாகச் சொல்லுங்கள். "ஒரு சாண் பார்டர்" என்று எழுதியிருந்தேன். "யார் சாண்?" என்று அக்கா கேட்டாள். இப்போது நான்கு அங்குலம் என்று இருக்கிறது. புடவை ஆறு கஜமா ஒன்பது கஜமா என்பது மடித்து வைத்த படத்தில் கண் உள்ளவர்களுக்கே தெரியாது. விளக்கு என்றால் உயரம், மேலே அன்னம் இருக்கிறதா, எத்தனை முகம்.

மூன்றாவது, ஒவ்வொரு படமும் எதற்காக இருக்கிறது என்று கேளுங்கள். ஒரே புடவைக்கு மூன்று படம் என்றால் ஒன்று முழுப் புடவை, ஒன்று முந்தானை, ஒன்று நெசவின் நெருக்கம். மூன்றுக்கும் ஒரே வரி எழுதினால் மூன்று படம் எதற்கு? முந்தானைப் படத்துக்கு முந்தானையைப் பற்றி மட்டும் எழுதினால் போதும்.

நான்காவது, "இது ஒரு புடவையின் படம்" என்று ஆரம்பிக்க வேண்டாம். படம் என்பதை ஸ்கிரீன் ரீடரே சொல்லிவிடும். தலைப்பில் உள்ள பெயரையும் விலையையும் திரும்பச் சொல்ல வேண்டாம். இரண்டு வரிக்குள் முடியுங்கள். மிச்சத்தைக் கீழே விளக்கத்தில் எழுதுங்கள், எல்லோரும் படிக்கட்டும்.

ஐந்தாவது, படத்தில் எழுத்து இருந்தால் அந்த எழுத்து வேண்டும். இது உயிர் சம்பந்தப்பட்டது. நம் பருப்புப்பொடி பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படமாகப் போட்டிருந்தோம். சேர்மானம், எடை, தயாரித்த தேதி, எத்தனை நாள் வரும் என்பதெல்லாம் அந்தப் படத்தில்தான். அந்தப் பொடியில் நிலக்கடலை சேர்க்கிறோம். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத ஒருவர், பார்வையும் இல்லாதவர், அதை வாங்கியிருந்தால்? இப்போது சேர்மானம் முழுவதையும் பக்கத்திலேயே எழுத்தாகப் போட்டுவிட்டோம். படத்தின் மாற்று உரையில் "பாக்கெட்டின் பின்பக்கம், விவரம் கீழே" என்று இருக்கிறது.

ஆறாவது, அலங்காரப் படத்துக்கு ஒன்றும் எழுதாதீர்கள். பக்கத்தின் ஓரத்தில் வைத்த கோலம், நடுவில் வரும் கோடு போன்றவற்றுக்கு ஆல்ட் இடத்தைக் காலியாக விட்டால் ஸ்கிரீன் ரீடர் தாண்டிப் போய்விடும். ஆனால் ஒரு சூட்சுமம். ஆல்ட் என்று எழுதிக் காலியாக விடுவது வேறு, ஆல்டே இல்லாமல் விடுவது வேறு. இரண்டாவதில்தான் கோப்பின் பெயரைப் படிக்கும் தொல்லை. உங்கள் கடை எந்த முறையில் விடுகிறது என்று பக்கம் செய்து கொடுத்தவரைக் கேளுங்கள். தொட்டால் வேலை செய்யும் படமாக இருந்தால், வேலையைச் சொல்லுங்கள். கூடைப் படத்துக்கு "மூங்கில் கூடை" என்று எழுதக்கூடாது. "வாங்கியவற்றைப் பார்" என்று எழுத வேண்டும்.

ஏழாவது, தமிழைத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினால் அந்தக் குரல் படிப்பதைக் கேட்க முடியாது. அக்கா அதை, "பல்லில் கல் மாட்டினாப்போல" என்றாள்.

கம்ப்யூட்டரே படத்தைப் பார்த்து எழுதித் தருகிறதே என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். நானும் முயன்றேன். நிறத்தைச் சுமாராகச் சொன்னது. அடுக்கி வைத்த அப்பளத்தைக் காகிதத் தட்டு என்றது. முதல் வரைவுக்கு வைத்துக்கொள்ளலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் வவுச்சரைப் படிக்க வேண்டியது நம் பொறுப்பு.

ஒரு யோசனை தோன்றுகிறது. சுமார் 2,000 வருடத்துக்கு முன் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய பெரிப்ளூஸ் என்ற குறிப்பில் 'அர்கரு' என்ற ஊரின் மெல்லிய துணி வருகிறது. அது நம் உறையூர்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கொள்கிறார்கள். போட்டோ இல்லாத காலத்தில் உறையூர்த் துணியைக் கடல் தாண்டி விற்றவர்கள், சொல்லால் சொல்லித்தானே விற்றிருக்க வேண்டும்? நமக்குப் படம் வந்ததும் சொல்லும் பழக்கம் போய்விட்டது.

கடைசியாக, கடையை விட்டு நம் சங்கத்துக்கு வருகிறேன். யாரையும் குறை சொல்லவில்லை, நானும் இந்தச் செயற்குழுவில் இருந்தவன். நம் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்புகளை எப்படி அனுப்புகிறோம்? லெட்டர்பேடில் டைப் செய்து, முத்திரை குத்தி, போட்டோ எடுத்துப் போடுகிறோம். ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் "போட்டோ". சென்ற மாதம் தொட்டி சுத்தம் செய்வதால் தண்ணீர் வராது என்ற அறிவிப்பும் அப்படித்தான் வந்தது. இரண்டாம் பிளாக்கில் கண் அறுவை செய்துகொண்டு தனியாக இருக்கும் ஓர் அம்மாவுக்கு அது தெரியவில்லை. காலையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். அவருக்கு ஸ்கிரீன் ரீடர்கூட இல்லை. எழுத்தாக வந்திருந்தால் பெரிதாக்கிப் படித்திருப்பார்.

ஆகவே மூன்று வேண்டுகோள். ஒன்று, அறிவிப்பு எதுவானாலும் போட்டோவுக்குக் கீழே அதே விஷயத்தை நான்கு வரி எழுத்தாகவும் போடுங்கள். இரண்டு, இந்தக் காலாண்டு மடலில் வரும் படங்களுக்கு மாற்று உரை எழுதும் வேலையை எனக்குக் கொடுங்கள். சம்பளம் வேண்டாம், காபி போதும். மூன்று, உங்களில் பலர் வீட்டிலிருந்தே ஏதோ விற்கிறீர்கள். உங்கள் பக்கத்தில் மாற்று உரைப் பெட்டி இருந்தால் எழுதுங்கள். வாட்ஸ்அப் கேட்டலாக்கில் விற்கிறவர்கள் விளக்கம் எழுதும் இடத்தில் எழுதுங்கள். பத்துப் படத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

62 படமும் முடிந்துவிட்டதா என்று கேட்பீர்கள். 58 முடிந்தது. நான்கு விளக்குகளுக்கு உயரம் அளக்க வேண்டியிருக்கிறது, மகளிர் குழுவினர் டேப் கொடுத்தால் நாளையே முடிப்பேன். அக்கா சென்ற வாரம் நம் கடையில் வடுமாங்காய் வாங்கினாள். என்னைக் கேட்கவில்லை. ஆர்டர் பட்டியலில் அவள் பெயரைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.